கடல் கடந்த குடும்பமும் பெயர் மாறிய பிள்ளைகளும்

1835-ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் ஒரு நூல் வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்து உடுவிலில் மறைந்த ஹரியட் வின்ஸ்லோ என்னும் அமெரிக்கப் பெண்மணியின் வாழ்க்கை வரலாறு அது. எழுதியவர் அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோ. தமிழ் பயின்றோர் ‘வின்ஸ்லோ அகராதி’ என்று இன்றும் குறிப்பிடும் பேரகராதியைப் பின்னாளில் வெளியிட்டவர் இவரே. மனைவியின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்து, இடையிடையே தம் விளக்கங்களைச் சேர்த்து, இலங்கை மிஷனின் சுருக்க வரலாற்றையும் அதனுடன் பிணைத்து அவர் இந்நூலை அமைத்தார். அமெரிக்கத் துண்டுப்பிரசுரச் சங்கம் பின்னர் இதனை மீண்டும் பதிப்பித்தது. யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க முடியாத நூல்களுள் இது ஒன்று. ஆனால் இதனை ஓர் இலக்கியமாக, ஒரு சமூகச் சான்றாக எடுத்து விமர்சித்தோர் நம்மிடையே அரியர்.

இத்தகைய நூல்களை அணுகுவோர் இரு சாராராக இருக்கின்றனர். ஒரு சாரார், இருளில் கிடந்த நமக்கு ஒளியைக் கொண்டுவந்த புண்ணியவான்களின் சரித்திரம் என்று கைகூப்புவர். பாடசாலை விழா மலர்களில் நாம் காண்பது பெரும்பாலும் இந்தக் கைகூப்பலையே. மற்றொரு சாரார், ஏகாதிபத்தியத்தின் முன்னணிப் படையினர் எழுதிய பொய்யுரை என்று நூலைத் திறவாமலே மூடிவைப்பர். முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் நம்மவரிற் பலர் இந்த இரண்டாம் கட்சியில் நிற்பவர்கள். இரு கட்சியாரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமைப்படுகின்றனர்: இரு சாராருமே மிஷனரியை மட்டும் பார்க்கின்றனர். அவர் வீட்டு முற்றத்தில் நின்ற தமிழ்ப் பிள்ளைகளை எவரும் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் வாழ்ந்தது ஒரு குடும்பம் அன்று, இரண்டு குடும்பங்கள் என்பதும், நூல் ஒன்றன் கதையைச் சொல்ல மற்றதன் வாழ்வைச் சான்றாக மட்டுமே பயன்படுத்துகிறது என்பதும் நம் கருத்து.

இக்குடும்பம் இங்கு வந்த சூழ்நிலையை முதலிற் காண்போம். கிழக்கிந்தியக் கம்பெனி அக்காலத்தில் தன் ஆட்சிப் பகுதிகளில் மிஷனரிமார் குடியேறுவதை விரும்பவில்லை. 1812-இல் கல்கத்தாவுக்கு வந்த முதல் அமெரிக்க மிஷனரிமார் வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல்லின் இளம் மனைவி ஹரியட் நியூவெல், இடம் தேடி அலைந்த கடற்பயணத்தின் முடிவில், அதே ஆண்டில் மொரீசியஸ் தீவில் 19 வயதில் மாண்டார். தனித்துப்போன கணவர் இலங்கைக்கு வந்து தங்கி, யாழ்ப்பாணம் பணிக்கு உகந்த இடம் என்று தம் சபையாருக்கு எழுதினார். இலங்கையின் கரையோரம் கம்பெனியின் ஆளுகையில் அன்றி முடியாட்சியின் நேரடி ஆளுகையில் இருந்தது இதற்கு வாய்ப்பளித்தது. 1816-இல் டானியல் பூவர், மெய்க்ஸ், ரிச்சர்ட்ஸ், உவாரன் ஆகியோர் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். 1819-இல் பொஸ்தன் துறைமுகத்திற் கப்பலேறிய இரண்டாம் குழுவில் வின்ஸ்லோ, ஸ்போல்டிங், உவூட்வேர்ட், வைத்தியர் ஸ்கடர் ஆகியோர் தத்தம் மனைவியரோடு வந்தனர். வின்ஸ்லோ தம்பதியர் 1820-இல் உடுவிலில் குடியேறினர்.

மொரீசியஸில் மாண்ட ஹரியட் நியூவெல்லின் வரலாறு அமெரிக்காவில் நூலாகிப் பல பதிப்புகள் கண்டது. நியூ இங்கிலாந்து நாட்டுப் பெண்கள் அதனைக் கண்ணீர் விட்டுப் படித்தனர். அந்நூலிலிருந்து ஓர் இலக்கிய வகையே தோன்றியது என்று கூறலாம். இறந்த மிஷனரி மனைவியின் வரலாறு என்பதே அவ்வகை. அதற்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. பக்தியுள்ள குடும்பத்தில் பிறப்பு, இளமையில் மனமாற்றம், உறவினரின் தடையை மீறிய மணம், கடற்பயணம், அந்நிய நாட்டின் வெம்மையும் நோயும், பிள்ளைகளின் மரணம், இறுதியில் அமைதியான சாவு. நம் நாட்டு அடியார் புராணங்களுக்கு ஒரு வாய்பாடு இருப்பதுபோல இவற்றுக்கும் இருந்தது. வாய்பாட்டுக்குள் அடங்கும் செய்திகள் நூலில் விரிவாக இடம்பெறும். அடங்காதவை ஓரிரு வரிகளில் ஒடுங்கும், அல்லது விடுபட்டுப் போகும். மைரன் வின்ஸ்லோ இவ்வாய்பாட்டை நன்கு அறிந்தே தம் நூலை எழுதினார்.

ஆயினும் வாய்பாட்டை மீறி ஒரு மனுஷி இந்நூலில் தெரிகிறார் என்பதை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஹரியட் 1796-இல் கனெக்டிகட் மாநிலத்து நோர்விச் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தம் ஊரிலேயே ஏழைப் பிள்ளைகளுக்காக ஞாயிறு பாடசாலை நடத்தி, அதனாலேயே ஊர்ப் பெரியோரின் முகச்சுளிப்பைச் சம்பாதித்தவர். பெண்ணொருத்தி பொதுப்பணி செய்ய வேறு வழியில்லாத அக்காலத்தில், மிஷனரியின் மனைவியாவதே ஒரு பெண் தன் ஆற்றலை வெளிக்காட்டக்கூடிய வாயிலாக இருந்தது. சபை அவரை ஊழியராக நியமிக்கவில்லை, கணவரையே நியமித்தது. ஆனால் உடுவிலில் 1824-இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை அவருடைய உழைப்பினால் எழுந்தது. ஆசியாவின் முதற் பெண்கள் விடுதிப் பாடசாலை என்று பேசப்படும் அந்நிறுவனம் இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாக நிலவுகிறது. ஹரியட்டின் தங்கையர் மூவரும் மிஷனரிமாரை மணந்து இதே யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். ஒரு வீட்டின் பெண்மக்கள் நால்வர் ஒருவர் பின் ஒருவராக இத்தீபகற்பத்துக்கு வந்தனர் என்றால், அதனைச் சூழ்ச்சி என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது.

இனி, கணவரின் கையில் இப்பெண்மணி என்ன ஆனார் என்பதைப் பார்க்க வேண்டும். கடிதங்களைத் தெரிந்தெடுத்தவர் அவர். வெட்டியவர் அவர். ஒரு கடிதம் எதற்குச் சான்று என்று விளக்கியவரும் அவரே. மனைவியின் வரலாற்றோடு மிஷனின் வரலாற்றையும் சேர்த்துத் தருவதாக நூலின் தலைப்பே அறிவித்தது. அதாவது ஒரு பெண்ணின் வாழ்வு தன்னளவில் ஒரு நூலுக்குப் போதாது. அது நிறுவனத்தின் சரித்திரத்தில் ஒட்டிக்கொண்டால்தான் பொருள் பெறும். இதே குடும்பத்தில் இன்னொரு சிறுநூலும் பிறந்தது. 1821-இல் பிறந்த மூத்த மகன் சார்ள்ஸ், இங்குள்ள சூழல் பிள்ளைகளுக்கு ஆகாது என்ற அக்கால மிஷனரி வழக்கப்படி, படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, பெற்றோரை மீண்டும் காணாமலே 1832-இல் இறந்தான். அச்சிறுவனின் வரலாற்றையும் துண்டுப்பிரசுரச் சங்கம் பிள்ளைகள் படிக்கும் பக்தி நூலாக அச்சிட்டது. அடுத்த ஆண்டு சனவரியில் தாயும் உடுவிலில் மறைந்தார். மைரன் வின்ஸ்லோ தம் வாழ்நாளில் ஐந்து முறை மணந்தவர். அந்நாளைய மிஷனரிப் பணியில் பெண்களின் உயிர் எத்துணை விரைவாகக் கரைந்தது என்பதற்கு இந்த எண்ணிக்கையே போதிய சான்று.

இத்துன்பங்கள் மெய்யானவை. பெற்ற மக்களை அந்நிய மண்ணில் புதைத்த தாயின் துயரத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் அத்துயரம் அச்சேறியபோது யாருக்காக, எதற்காக அச்சேறியது என்று கேட்கும் உரிமை விமர்சகனுக்கு உண்டு. நியூ இங்கிலாந்தின் மாதர் சங்கங்கள் அதனைப் படித்தன, உருகின, காணிக்கை அளித்தன. அக்காணிக்கையில் பாடசாலைகள் நடந்தன. தாயின் கண்ணீர் நிதி திரட்டும் கருவியாயிற்று. இது ஹரியட்டின் குற்றம் அன்று. அவர் தம் தங்கையருக்கும் தோழியருக்கும் எழுதினார். அவ்வெழுத்தைப் பொதுச்சந்தைக்குக் கொண்டுவந்த அமைப்பே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

அடுத்து, நூல் சான்றாக மட்டும் பயன்படுத்தும் இரண்டாம் குடும்பத்துக்கு வருவோம். உடுவிற் பாடசாலையின் தொடக்கத்தைப் பற்றி ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. மாரிக்கால மாலையொன்றில் பெருமழைக்கு ஒதுங்கிய சிறுமியர் இருவர் மிஷன் வீட்டில் இரவு தங்க நேர்ந்ததாம். பசித்த இளையவள் அங்கே கொடுத்ததை உண்டாள், மூத்தவள் மறுத்தாள். அந்நியர் வீட்டில் உண்டதால் சாதி கெட்டதென்று பெற்றோர் சினந்து நின்றபோது, பிள்ளையைத் தாமே வைத்துப் படிப்பிப்பதாக மிஷனரியார் சொன்னாராம். மிஷன் வட்டாரத்தில் இக்கதை தெய்வச் செயலாகப் போற்றப்படுகிறது. நாம் இதனை வேறு விதமாகப் படிக்கலாம். ஒரு வேளை உணவினால் தன் வீட்டுக்கே அந்நியமாகிவிடும் ஒரு குழந்தை! அந்தக் கொடுமையைச் செய்தது மிஷன் அன்று. நம் சமூகத்தின் சாதிக் கட்டுப்பாடு. ஆனால் அக்கொடுமையினால் திறந்த வாசலை மிஷன் தன் வாசலாக்கிக்கொண்டது என்பதும் உண்மை. கதையில் மறுத்த மூத்தவள் என்ன ஆனாள் என்று எவரும் கேட்பதில்லை.

தொடக்கத்தில் வசதியுள்ள வீட்டார் தம் பெண்களை அனுப்பவில்லை. எழுத்தறிவு கோயில் தாசிக்கே உரியது, குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்ற எண்ணம் அன்று நிலவியது. அவ்வையையும் காரைக்காலம்மையையும் பாடும் நாட்டில் இத்தகைய எண்ணம் வேரூன்றியிருந்தது என்பது நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி. ஆகவே முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுச் சிறுமியரே. அவர்களுக்கு உணவும் உடையும் மிஷன் கொடுத்தது. படித்துத் தேறிக் கிறிஸ்தவ இளைஞனை மணக்கும் பெண்ணுக்குச் சிறிது சீதனமும் மிஷனே வழங்கியது. பெண்ணுக்குக் கல்வி கொடுத்த கை, சீதனம் என்னும் தளையை அறுக்கவில்லை. அதனைத் தானே கட்டிக்கொடுத்தது. வட்டுக்கோட்டை செமினரியிற் படித்த இளைஞர்க்கு ஏற்ற துணைவியரை உருவாக்குவதே பெண்கல்வியின் நோக்கமாக அன்று பேசப்பட்டது. பின்னர் 1840-இல் வந்து சுமார் நாற்பதாண்டு காலம் உடுவிலில் தலைமை தாங்கிய எலைசா அக்னியூ அம்மையார் மணம் செய்யாமலே வாழ்ந்தவர்; ஒருமுறையேனும் தாயகம் திரும்பாதவர். தலைமுறை தலைமுறையாக அவர் உருவாக்கியவர்களோ பெரும்பாலும் கிறிஸ்தவ இல்லத்தரசிகள்.

பெயர் மாற்றத்தின் வரலாறு இதனினும் கூர்மையானது. ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவிலுள்ள ஒருவரோ ஒரு சங்கமோ ஏற்கும்போது, அவர்கள் விரும்பிய பெயர் அப்பிள்ளைக்கு இடப்பட்டது. காணிக்கை அளித்தவரின் பெயர், அவருக்கு வேண்டிய போதகரின் பெயர், இறந்துபோன உறவினரின் பெயர் என்று அமெரிக்கப் பெயர்கள் வலிகாமத்துப் பிள்ளைகள் மேல் வந்து அமர்ந்தன. 1841-இல் தொடங்கிய ‘உதயதாரகை’ பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இருவர். பெயரைக் கேட்போர் வெள்ளைக்காரர் என்றே எண்ணுவர். இருவரும் வட்டுக்கோட்டையிற் படித்த தமிழர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் இரட்டைப் பெயரோடு நடமாடும் அறிஞர்கள் அனைவரும் இவ்வழக்கத்தின் பிள்ளைகள். அமெரிக்காவில் ஒருவர் தம் இறந்த மகனின் பெயர் கீழ்த்திசையில் வாழ்கிறது என்று ஆறுதல் அடைந்திருக்கலாம். அப்பெயரைச் சுமந்தவனுக்குத் தாய் இட்ட பெயர் எங்கே போயிற்று? சார்ள்ஸ் வின்ஸ்லோவின் மரணத்துக்கு ஒரு நூல் உண்டு. பெயரிழந்த பிள்ளைகளுக்கு மிஷன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. ஆயினும் அவர்களிற் பலர் அமெரிக்கப் பெயரின் பின்னே தமிழ்ப் பெயரை விடாமற் சேர்த்து எழுதினர். அச்சேர்க்கையில் ஓர் எதிர்ப்புக் குரலை நாம் கேட்கிறோம்.

சாதிப் பிரச்சினையில் மிஷனின் நடத்தை தனியாக ஆராயத்தக்கது. கொள்கையளவில் அவர்கள் சாதியை மறுத்தனர்; நற்கருணைப் பந்தியில் அனைவரும் ஒன்றாக அமர வேண்டும் என்றனர். நடைமுறையிலோ, மேற்சாதி மாணவரை இழக்கக்கூடாதென்று விட்டுக்கொடுத்தனர். வட்டுக்கோட்டையில் மாணவருக்குச் சமைக்கும் இடம் தொடக்க காலத்தில் மிஷன் வளவுக்கு வெளியே வைக்கப்பட்டது இவ்விட்டுக்கொடுப்பின் அடையாளம். செமினரியின் வாயில் பெரும்பாலும் வெள்ளாளக் குடும்பங்களின் மக்களுக்கே திறந்தது. தீபகற்பத்தில் அடிமை முறை சட்டப்படி நிலவிய காலம் அது. இலங்கையில் அடிமைத்தனம் இறுதியாக ஒழிக்கப்பட்டது 1844-இல்தான். மிஷனரிமார் வாழ்ந்த கிராமங்களில் கோவியரும் நளவரும் பள்ளரும் பிறர் உடைமையாகக் கருதப்பட்டு நிலத்தில் உழைத்தனர். தனி மனிதனின் ஆன்மா அவர்தம் ஏடுகளில் பக்கம் பக்கமாக வருகிறது. அந்த ஆன்மாவின் உடல் யாருடைய வயலில் வேலை செய்தது என்ற கேள்விக்கு அவ்வளவு இடமில்லை.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. மிஷனரிமாரை அனுப்பிய அமெரிக்க சபை, தன் நாட்டின் அடிமை முறையையும் நேரடியாக எதிர்க்கத் தயங்கியது. அடிமை உடைமையாளரின் காணிக்கையையும் ஏற்றது. இதனைச் சகிக்காத அடிமை ஒழிப்பாளர்கள் 1846-இல் வேறு மிஷன் சங்கம் ஒன்றை நிறுவினர். உள்நாட்டில் உடைமையாளரோடு சமரசம் செய்தவர்கள் வெளிநாட்டில் உடைமையாளரோடு போர் தொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? மதத்தின் போதனை ஒன்றாகவும், அதற்குப் பணம் வரும் ஊற்று வேறொன்றாகவும் இருக்கும்போது, இறுதியில் எது வெல்லும் என்பதை இரு நாடுகளிலும் கண்டோம்.

மொழிப்பணிக்கு வருவோம். 1862-இல் சென்னையில் வெளிவந்த வின்ஸ்லோ அகராதி 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. மதிப்பிடற்கரிய நூல் என்பதில் ஐயமில்லை. அது ஒருவர் உழைப்பன்று. நல்லூரிலிருந்த ஆங்கிலத் திருச்சபை மிஷனரி ஜோசப் நைட் அதற்கான சொற்களைத் திரட்டத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துச் சந்திரசேகர பண்டிதர் முதலியோரின் உழைப்பில் 1842-இல் மானிப்பாயில் வெளிவந்த தமிழகராதி அதற்கு முன்னோடியாயிற்று. இராமாநுச கவிராயர், விசாகப்பெருமாளையர் போன்ற சென்னைத் தமிழறிஞர் துணைநின்றனர். வின்ஸ்லோ தம் முன்னுரையில் நன்றி கூறத் தவறவில்லை. தலைப்பக்கத்திலோ நைட்டின் பெயர் இருக்கிறது. தமிழர்களுக்குப் பெயர் இல்லை. தகுதிவாய்ந்த உள்ளூர் அறிஞர் உதவினர் என்னும் பொருள்பட ஒரு தொடர் மட்டும் இருக்கிறது. பொருளைப் படைத்தவனின் பெயர் பொருளின் மேல் இராது என்பது தொழிற்சாலைக்கு மட்டும் உரிய விதி அன்று.

இதே மிஷனில் இதற்கு மாறான மனப்பாங்கும் இருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1847-இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். டான்வர்த், சாப்மன் முதலிய தம் தமிழ் மாணவரோடு சேர்ந்து உடற்கூற்றியல், இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். தம் மாணவர் ஐரோப்பிய உடையை அணிவதை அவர் விரும்பவில்லை. 1873-இல் நாடு திரும்பும் வரை அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை அவர் உருவாக்கினார். தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க இயலாது என்று இன்றும் வாதிடும் நம் படித்த கனவான்கள், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மானிப்பாயில் நிகழ்ந்ததை அறிவது நன்று.

மிஷன் கல்வியின் அடிப்படை முரண்பாடு 1855-இல் வெளிப்பட்டது. 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் வானசாஸ்திரமும் கணிதமும் தத்துவமும் தமிழிலக்கியமும் கற்பிக்கப்பட்டன. பூவர் போன்ற ஆசிரியர்கள் உண்மையான அறிவார்வத்தோடு உழைத்தனர். ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு, இக்கல்வி மதமாற்றத்துக்குப் போதிய பயன் தரவில்லை, ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றுவிடுகின்றனர் என்று கண்டு, செமினரியை மூடச் செய்தது. கற்பித்தவருக்குக் கல்வி ஒரு வழி. கற்றவருக்கு அதுவே இலக்கு. மாணவர்கள் விதையை வாங்கிக்கொண்டு தம் நிலத்தில் விதைத்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகச் செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் தேறினர். தாமோதரம்பிள்ளை சைவராக நின்று 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். வெஸ்லியன் மிஷனில் பெர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கி, பிரசங்கம், வசனநடை, அச்சுக்கூடம் ஆகிய மிஷனரிகளின் கருவிகளாலேயே மிஷனரிகளை எதிர்த்தார்.

எனினும் இவ்வெற்றியிலும் ஒரு குறை உண்டு. நாவலர் மிஷனிடமிருந்து அச்சு இயந்திரத்தை எடுத்துக்கொண்டார். சாதி ஒழுங்கை அப்படியே காத்தார். மிஷனும் நாவலரும் கடுமையாகப் போரிட்ட களத்தில், கீழே அழுத்தப்பட்டவனின் இடம் மட்டும் மாறாமல் இருந்தது. உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு 1929-இல்தான் வந்தது. அதனைப் பொறாதவர்கள் எதிர்ப்பு நடத்தினர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. முதல் மிஷனரி காலடி வைத்து நூறாண்டுக்கு மேலான பிறகும், நாவலரின் பாடசாலை தோன்றி எண்பது ஆண்டுகளான பிறகும், ஒரு பிள்ளை வாங்கில் உட்காரும் உரிமைக்காகத் தீ மூட்டிய சமூகம் இது. அதே காலத்தில், செமினரியின் வழித்தோன்றலான யாழ்ப்பாணக் கல்லூரியின் ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924-இல் தோன்றிய மாணவர் காங்கிரசின் வாயிலாகப் பூரண சுதந்திரத்தையும் சாதி ஒழிப்பையும் தாய்மொழிக் கல்வியையும் முழங்கினர். மிஷனரியின் பள்ளியிலிருந்து மிஷனரி எதிர்பார்க்காத மனிதன் வெளிவந்தான்.

இங்கே நம்மவர் விரும்பிச் சுட்டும் ஒரு வம்சாவளியைக் குறிப்பிட வேண்டும். ஹரியட் வின்ஸ்லோவுக்கு உடுவிலில் பிறந்து, தாயின் பெயரையே தாங்கிய மகள், ஜோன் வெல்ஷ் டல்லஸ் என்னும் மிஷனரியை மணந்து சென்னையில் சில காலம் வாழ்ந்தார். அம்மகளின் பேரர்களே ஜோன் பொஸ்டர் டல்லசும் அலன் டல்லசும். ஒருவர் 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளிநாட்டமைச்சர். மற்றவர் 1953 முதல் 1961 வரை மத்திய உளவு ஸ்தாபனத்தின் தலைவர். 1953-இல் ஈரானிலும் 1954-இல் குவாத்தமாலாவிலும் மக்கள் தேர்ந்த ஆட்சிகளைக் கவிழ்த்த கைகள் இவ்விருவர் கைகள். ‘பார்த்தீர்களா, பாட்டி பைபிளோடு வந்தாள், பேரன் துப்பாக்கியோடு வந்தான்’ என்று கூறி விஷயத்தை முடித்துவிட நம்மவர்க்கு ஆசை எழுகிறது.

இது விமர்சனம் அன்று, வம்சாவளிச் சோதிடம். இரத்தத்தில் வர்க்க நலன் ஓடுவதில்லை. ஹரியட் வந்த அமெரிக்கா, ஆசியாவில் ஒரு பிடி மண்ணும் இல்லாத நாடு. பிரித்தானிய ஆட்சியே இம்மிஷனரிமாரை ஐயுற்று, 1820-இல் அச்சுப்பணிக்காக வந்த கறெற் என்பவரைத் தேசாதிபதி பார்ன்ஸ் வெளியேற்றினார். பல ஆண்டுகள் புதிய அமெரிக்கர் வரவும் தடை விதித்தார். கொள்ளுப்பேரர் காலத்து அமெரிக்காவோ உலகச் சந்தையின் அதிபதி. இரு காலங்களுக்கும் இடையே ஒரு பொருளாதாரத்தின் முழு வளர்ச்சி கிடக்கிறது. ஆனாலும் ஓர் இழை இரண்டையும் இணைக்கிறது என்றால், அது பிறர்க்கு நல்லது எது என்பதைத் தாமே அறிவோம் என்ற உறுதி. அவ்வுறுதி ஹரியட்டின் கையில் பாடசாலையாயிற்று. கொள்ளுப்பேரரின் கையில், அரசின் வலிமையோடு சேர்ந்தபோது, ஆட்சிக் கவிழ்ப்பாயிற்று. உறுதியின் தன்மையோடு அதனைத் தாங்கும் சக்தியையும் சேர்த்து எடைபோடுவதே நம் முறை. முன்னதை மட்டும் பார்ப்பவன் பக்தனாகிறான். பின்னதை மட்டும் பார்ப்பவன் உடுவிலின் மாணவியரையும் உளவு ஸ்தாபனத்தின் கணக்கில் எழுதிவிடுகிறான். அந்தப் பெண்கள் இரண்டு அநியாயங்களுக்கும் உரியவர்கள் அல்லர்.

ஆகவே இந்நூலை எவ்வாறு மதிப்பிடுவது? ஒரு பெண்ணின் அகவாழ்வுக்கு அரிய சான்று. ஒரு மிஷனின் தற்புகழ்ச்சிக்கும் சான்று. யாழ்ப்பாணத்து மக்களின் வரலாறாக இதனைக் கொள்ள இயலாது. ஏனெனில் அவர்கள் இதில் பேசுவதில்லை, பேசப்படுகிறார்கள். சமைத்தவள், பிள்ளை வளர்த்தவள், தண்ணீர் சுமந்தவன், தமிழ் சொல்லிக்கொடுத்த பண்டிதர் ஆகியோரைத் தேடி வரிகளுக்கிடையே நாம் போக வேண்டியிருக்கிறது. இந்த மௌனம் உடைய நெடுங்காலம் ஆயிற்று. 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நின்று போராடினர், 1972-இல் கே. டானியலின் ‘பஞ்சமர்’ வெளிவந்தது. மிஷனரி நூல்களில் பெயரின்றி வேலை செய்த மனிதன் அந்நாவலில் தன் பெயரோடும் தன் மொழியோடும் வந்து நின்றான். ஹரியட்டின் வரலாற்றையும் ‘பஞ்சமர்’ நாவலையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவன், ஒரே தீபகற்பத்தின் ஒரே வீதியை இரு பக்கமிருந்தும் பார்ப்பான்.

இதனை வாசிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் நேராகவோ சுற்றியோ அந்தப் பள்ளிகளின் வாரிசுகளே. மிஷன் பள்ளியிலிருந்து வந்தோமோ, அதற்கு மறுப்பாக எழுந்த சைவப் பள்ளியிலிருந்து வந்தோமோ, இரண்டுக்கும் மூலம் ஒன்று. அக்கடனை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒப்புக்கொள்வதால் அடிமையாகிவிடவும் மாட்டோம். கடன் எவரிடம் பட்டது என்பதில்தான் தெளிவு வேண்டும். கடல் கடந்து வந்து மாண்ட ஹரியட்டுக்கு ஒரு பங்கு உண்டு. பெயரையும் வீட்டையும் விட்டு அந்த வாங்குகளில் முதன்முதல் அமர்ந்த சிறுமியருக்கும் சிறுவருக்கும் பெரும்பங்கு உண்டு. அவர்களை வெளியே நிறுத்திய நம் சமூகத்தின் கணக்கோ இன்னும் தீரவில்லை. நம் கிராமத்துப் பள்ளிகளின் பழைய இடாப்புகள் எங்கேனும் எஞ்சியிருந்தால், மாணவர்கள் அவற்றைத் தேடி எடுத்து, அங்குள்ள பெயர்களையும் அங்கே காணாத பெயர்களையும் எழுதி வைக்கட்டும். 1835-இல் நியூயோர்க்கில் அச்சான நூலுக்கு யாழ்ப்பாணம் தர வேண்டிய பதில் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.